காதுச் சோணைக்கு மேலே

செத்தவீட்டில் நான் சண்டை பிடித்தது வாழ்க்கையில் ஒரு தரம்தான். பந்தலுக்குள் எனக்கு முன்கதிரையில் இருந்த ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம், “படிக்க வந்த பிள்ளையளின்ர காதையெல்லாம் திருகின மனுசன். அதுதான் ஆளைக் கொண்டுபோன வருத்தமும் காதிலை தொடங்கினது” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கோ பாம்புக் காது. “அப்பிடியெண்டால் திருகின விரலிலையெல்லோ வருத்தம் வந்திருக்க வேணும், காதிலை ஏன் வந்தது?” என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே இருந்து, செத்துப்போன சேரின் மனைவி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். விடுங்கோ டீச்சர் என்று அதற்கு அர்த்தம். அந்த நேரத்துக்கு விட்டேன்.

திருகோணமலைப் பட்டினத்தில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் கணக்குப் படிப்பித்தார். நான் விஞ்ஞானம். ஆசிரியர் அறையில் என் மேசைக்கு அடுத்த மேசை அவருடையது. வருசக்கணக்காகப் பக்கத்து மேசையில் இருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் கல்யாணம் கட்டியவர்களைவிட நன்றாகத் தெரியும். மத்தியானம் அவர் சோற்றுப் பார்சலைப் பிரித்தால் முதல் மோர்மிளகாய் என் பக்கம் வரும். தின்று முடிந்ததும் சோறு சுற்றிவந்த பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொள்வார். வெளியே போட்டால் பட்டினத்துத் திடலில் திரியும் மான்கள் அதைத் தின்று செத்துப்போகும் என்பது அவருடைய கவலை. மற்றவர்கள் போட்டதையும் பொறுக்குவார். வெள்ளைச் சேர்ட்டை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டு, குப்பைக்காரன் மாதிரித் திரியிறீர்கள் என்று நான் பகிடி பண்ணினால் சிரிப்பார்.

அவர் மனிதர்களை முகத்தில் பார்ப்பதில்லை, காதில் பார்ப்பார். ஒருநாள் பஸ் நிலையத்தில் இரண்டு பேரும் மூதூர் பஸ்ஸுக்கு நின்றோம். எங்களுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, குளிர்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்ட ஒரு தடித்த மனிதர் நின்றார். சேர் போய் அவருடைய தோளில் தட்டி, “எப்ப கனடாவிலையிருந்து வந்தனீ?” என்று கேட்டார். அந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்து காலைத் தொட்டார். பள்ளிக்கூடத்தை விட்டுப் போய் எத்தனையோ வருசம். தலைமயிரும் போய், உடம்பும் பெருத்துவிட்டது. “எப்பிடிச் சேர் கண்டுபிடிச்சனீங்கள்?” என்றதற்கு, “முகம் மாறும். வயிறு மாறும். காது மாறாது” என்றார்.

“மாறும் சேர்” என்று நான் சொன்னேன். “வயசு போகப் போகக் காதும் கீழே இறங்கும். நீளும்.”

“நீங்கள் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும், டீச்சர்” என்றார். எப்போதும் அப்படித்தான். நான் அவரைத் திருத்தாத நாள் குறைவு. ஒரு தரமாவது அவர் கோபித்ததில்லை. விஞ்ஞானத்தில் நான் சொன்னால் அவருக்கு மறுபேச்சில்லை.

ஆனால் வகுப்புக்குள் அவர் வேறு ஆள். பிரம்பு தூக்க மாட்டார். கை நேரே காதுக்குப் போகும். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து, கீழே தொங்கும் சோணையை விட்டு, காதின் மேல்பக்கத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றும். “சோணையைப் பிடிச்சா ஒண்டும் நோகாது. அதுக்கு மேலை பிடிச்சாத்தான் கணக்கு ஏறும்” என்பார். கணக்குச் சரியாய் வந்தாலும் அதே காதைத்தான் பிடிப்பார், சும்மா இழுத்து ஆட்டிவிடுவார். அதனால் பிள்ளைகளுக்கு அவர் வரும்போது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாது. தாய் தகப்பன்மார் வந்து, “கண் ரெண்டையும் விட்டிட்டு மற்றதெல்லாம் உங்களுக்குத்தான் சேர்” என்று பிள்ளையை ஒப்படைப்பார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. “எனக்குக் காது மட்டும் காணும், மற்றதெல்லாம் வேண்டாம்” என்று அவர் சொல்ல, பிள்ளையைத் தவிர எல்லாரும் சிரிப்பார்கள்.

குருத்தெலும்பு படிப்பிக்கும் நாளில் நானும் பிள்ளைகளின் காதை நம்பித்தான் இருப்பேன். உங்கள் காதை மடித்துப் பாருங்கோ, விட்டதும் திரும்பி நிமிருதல்லோ, மூக்கு நுனியை அமத்திப் பாருங்கோ, அதுவும் நிமிரும் என்று தொட்டுத் தொட்டுக் காட்டச் சொல்லுவேன். எலும்புமில்லை, தசையுமில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. சுறாவுக்கும் திருக்கைக்கும் உடம்பு முழுக்க இதுதான், எலும்பே கிடையாது. மீன்கடையில் சுறா வந்த நாளில் ஒரு துண்டு முதுகுத்தண்டை வாங்கிக்கொண்டு வந்து கத்தியால் வெட்டிக் காட்டுவேன். விறாந்தையால் போன சேர் ஒருநாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். முழு வகுப்பும் காதைப் பிடித்துக்கொண்டு இருந்தது. “உங்கட பாடமும் என்ர பாடமும் ஒண்டுதான் போலை, டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பாடம் நின்றுபோனது.

அந்த வகுப்பில் இலங்கைத்துறைப் பொடியன் ஒருவன் இருந்தான். வெருகல் பக்கத்தில் கரைவலை இழுத்து மீன் பிடிக்கும் குடும்பம். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். தாய் அவனைப் பட்டினத்தில் இருந்த தன் தம்பி வீட்டில் விட்டுப் படிக்க அனுப்பியிருந்தாள். கதை குறைந்த பிள்ளை. ஒரு காலையில் அவன் கணக்குச் செய்துகொண்டு வரவில்லை. சேர் காதில் கை வைத்தார். அவன் போட்ட சத்தம் எனக்குப் பக்கத்துக் கட்டடத்தில் கேட்டது. அடுத்த நாள் அவன் வந்தபோது இடது காது பணியாரம் மாதிரி வீங்கி, நீலம் பாரித்து இருந்தது.

நான் மாமன்காரனுக்கு ஆள் அனுப்பி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். காதின் குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்தக்குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய உறைதான் அதற்குச் சாப்பாடு கொடுக்கிறது. அடிபட்டு உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் இரத்தம் தேங்கினால், உள்ளே இருப்பது பட்டினியில் கிடந்து சாகும். சுணங்காமல் வெட்டி வடித்துவிட்டால் காது தப்பும். மாமன் ஆசுபத்திரிக்குப் போகவில்லை. மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டான். பொடியன் கொஞ்ச நாள் வரவேயில்லை. திரும்பி வந்தபோது காது சுருண்டு, தடித்து, உள்ளங்கைக்குள் கசக்கி எறிந்த கடதாசி மாதிரி இருந்தது. அது இனி நிமிராது.

சேர் அந்த மாமனின் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாசல் கேற்றைத் திறக்காமல், ரோட்டால் போகிற வாற சனம் எல்லாம் கேட்க மாமன் கத்தினான். “நீர்தான் என்ர மருமகன்ர காதைக் கெடுத்தனீர். நீர் ஒரு வாத்தியா?” சேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜன்னலுக்குள்ளிருந்து பொடியன் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மாதமே அவன் ஊருக்குப் போய்விட்டான், படிப்பும் அதோடு சரி.

அதற்குப் பிறகு அவர் எந்தப் பிள்ளையின் காதையும் தொடவில்லை. வகுப்பில் நிற்கும்போது வலது கையை இடது கையால் பின்னுக்குப் பிடித்துக்கொண்டு நிற்பார். சோக்கு எடுக்கும்போது மட்டும் விடுவார். பிள்ளைகள் கொஞ்ச நாளில் பயம் தெளிந்து, தலைக்கு மேல் ஏறினார்கள். “ஒரு சத்தமாவது போடுங்கோ சேர்” என்று நான் சொல்லுவேன். “கத்தினால் கை தானா எழும்பும், டீச்சர்” என்பார். மேசையில் மோர்மிளகாய் வந்தது. மான்களுக்கான கவலையும் மாறவில்லை. ஆனால் எதிரே வருகிற மனிதர்களின் காதைப் பார்ப்பதை விட்டுவிட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். சிலவேளை என்னையும் காணாமல் கடந்துபோவார்.

சந்தியில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் அவரைக் காணலாம். எல்லாரும் இரண்டு காதையும் குறுக்காகப் பிடித்து மூன்று தரமோ ஐந்து தரமோ இருந்து எழும்பிவிட்டுப் போவார்கள். இவர் நிறுத்த மாட்டார். பூசை முடிந்து, ஐயர் விபூதி கொடுத்து முடிந்தும் இவர் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருப்பார். முழங்கால் சத்தம் போடத் தொடங்கிய பிறகும் நிறுத்தவில்லை. “முழங்காலுக்குள்ளையும் குருத்தெலும்புதான் சேர் இருக்கு. தேய்ஞ்சு போனால் திரும்ப வளராது” என்று நான் பேசினேன். “தேயட்டும்” என்றார். ஓய்வு பெற்ற பிறகு தடியூன்றி நடந்தார். அப்போதும் வெள்ளிக்கிழமை தடியைத் தூணில் சாத்திவிட்டுக் காதைப் பிடித்தார்.

அவருடைய காது சிவந்தது அதற்கு ஒன்றிரண்டு வருசத்துக்குப் பிறகு. ஒருநாள் அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். அமைதியான மனிசி, கதைக்கு முன்னால் பெருமூச்சு வரும். “டீச்சர், இவரின்ர காதைப் பாக்கிறியளா? ரெண்டு காதும் நெருப்பு மாதிரிக் கிடக்கு. தலையணையிலை வைக்க ஏலாதாம்.” நான் போனேன். வீட்டுக்குள்ளும் சேர் தலையைச் சுற்றித் துவாய் கட்டியிருந்தார். கழற்றச் சொன்னேன். இரண்டு காதும் வீங்கி, செத்தல்மிளகாய் நிறத்தில் இருந்தன. ஆனால் சிவப்பு ஓர் இடத்தில் கோடு கிழித்த மாதிரி நின்றது. சோணை இரண்டும் சாதாரணமாக இருந்தன. சோணைக்குள் குருத்தெலும்பு இல்லை, வெறும் கொழுப்பும் தோலும்தான். வருத்தம் குருத்தெலும்பைத் தேடிப் பிடித்திருக்கிறது என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

அவருக்கு வேறு ஒன்று விளங்கியிருந்தது. “பாத்தியளா டீச்சர்” என்றார், ஏதோ கணக்குக்கு விடை கிடைத்ததுபோல. “சோணையை விட்டிட்டு மேலைதான் பிடிச்சிருக்கு. நான் பிடிச்ச இடம்.”

வீக்கம் சில நாளில் வற்றிவிட்டது. பிறகு திரும்ப வந்தது. வந்து வந்து போனது. ஊருக்குள் கதை பரவ எத்தனை நாள் எடுக்கும்? மீன்கடையிலும் கோயிலிலும் தையல்கடையிலும் எல்லாருக்கும் ஒரே விளக்கம்தான். அவர் மனைவியும் நம்பினாள் என்று நினைக்கிறேன். வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் வெருகல் முருகனுக்கு வெள்ளியில் காது செய்து போடுவதாக நேர்ந்து வைத்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்த சனம், பிள்ளைகளை டொக்டராக்கிய சனம், ஒரு மனிதனின் நோவைப் பார்த்துவிட்டு அவனுக்கு இது வேண்டும் என்று எப்படி நாக்கூசாமல் சொல்லுகிறார்கள்?

எனக்குத் தெரிந்த காது மூக்குத் தொண்டை டொக்டர் ஒருவரிடம் கேட்டேன். மீண்டும் மீண்டும் வரும் பல குருத்தெலும்பு அழற்சி என்று அவர் சொன்னார். அபூர்வமான வருத்தம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்த உடம்பின் குருத்தெலும்பையே அந்நியம் என்று நினைத்து அடிக்கத் தொடங்கும். முதலில் காது, பிறகு மூக்கு, மூட்டுகள். மருந்து இருக்கிறது, வேளைக்கு எடுத்தால் கட்டுப்படும். விட்டால் மூச்சுக்குழாய்க்கு இறங்கும். “மூச்சுக்குழாய் மடங்காமல் நிற்கிறதே அந்தக் குருத்தெலும்பு வளையங்களாலைதான். அது இளகினால் மூச்செடுக்கக் குழாய் ஒட்டிக்கொள்ளும். உடனே கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றார்.

சேரிடம் போய் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

“பெயர் நீளம்” என்றார். “எனக்கு அவ்வளவு தேவையில்லை டீச்சர். ஒரு சொல்லு காணும். பழி.”

“எதிர்ப்புச் சக்திக்கு நீங்கள் ஆரின்ர காதைத் திருகினனீங்கள் எண்டு தெரியாது சேர். அதுக்குக் கண்ணில்லை.”

“நீங்கள் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்” என்றார். ஆனால் ஆசுபத்திரிக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். “இதை மாத்தினால் வேறை எங்கையாவது வரும். என்ர பிள்ளையளிலை வரும். இது என்னோடை முடியட்டும்.”

அதற்கு மேல் அவரை அசைக்க முடியவில்லை. நோ வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். நோவுக்குக் குளிசை கொடுத்தால் தலையணைக்குக் கீழே வைப்பார். அவருடைய முகத்தில் இருந்த அமைதியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சாவைப் பற்றியும் அப்படித்தான் கதைத்தார், நாளைக்குப் பஸ் பிடிக்க வேண்டும் என்பதுபோல. அடுத்த மழைக்காலத்தில் மூக்கின் நடுப்பகுதி உள்ளே விழுந்தது. டொக்டர்மார் இதைச் சேண மூக்கு என்பார்கள், குதிரைச் சேணம் மாதிரி நடுவில் பள்ளம். குரல் கம்மியது. படியேறினால் மூச்சில் விசில் கேட்டது. அந்த விசிலைக் கேட்ட அன்று நான் சேரின் மனைவியிடம், “அக்கா, ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடுங்கோ. இலங்கைத்துறைக்குப் போவம்” என்றேன். அந்தப் பொடியன் ஒரு சொல், மன்னித்தேன் என்று ஒரு சொல் சொன்னால், இந்த மனிதர் மருந்தைக் கையில் எடுப்பார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கிண்ணியாப் பாலம், மூதூர், தோப்பூர் என்று பஸ் மாறிப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. மடிந்த காது என்று கேட்டதும் சிறுபிள்ளைகூட வழி காட்டியது. கரையில் மீன்வாடிக்குப் பக்கத்தில், நிழலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நரை தட்டிவிட்டது. எங்களை அவனுக்குத் தெரியவில்லை. நான் பெயரைச் சொன்னதும் எழும்பி, சாரத்தை இறக்கிவிட்டு, இளநீர் வெட்ட ஓடினான். பிடித்து இருத்தி விசயத்தைச் சொன்னேன். சேரின் வருத்தத்தைச் சொன்னேன், ஊர்க்கதையைச் சொன்னேன், மருந்து எடுக்காததைச் சொன்னேன். அவன் வலையூசியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

“எந்தக் காது டீச்சர்? என்ட இந்தக் காதா?” என்றான். “இது சேர் செஞ்சது இல்லயே.”

சேரின் மனைவி என் கையைப் பிடித்தாள்.

“மாமா அடிச்சது. அதுக்கு முதல் நாள். சாராயம் வாங்கப் போகச் சொன்னவர், நான் படிக்கிறன் எண்டு சொன்னனான். செருப்பால அடிச்சவர். ராவிலயே நோகத் தொடங்கிட்டு, வீக்கம் வெளிய தெரியல்ல. அதாலதான் கணக்கும் செய்யல்ல. அடுத்த நாள் சேர் கைய வைக்கக்குள்ள நான் கத்திட்டன். சேர் திருகவே இல்ல. தொட்ட உடன கைய எடுத்திட்டார்.”

“அப்ப ஏன் தம்பி சொல்லேல்லை?”

“சேர்தான் செஞ்சதெண்டு சொல்லு, இல்லாட்டி ஊருக்குக் கொம்மாட்டப் போ எண்டு மாமா சொன்னவர். நான் சின்னப் பொடியன். பிறகு எப்பிடியும் என்ன அனுப்பித்தான் விட்டார்.” வலையூசியை நிலத்தில் வைத்தான். “சேர் இதை இவ்வளவு காலமும் சுமந்துகொண்டா இருந்தவர்? சத்தியமா எனக்குத் தெரியாது டீச்சர்.”

அந்த மாமன் செத்துப் பல வருசம். இருந்திருந்தால் அவனுடைய கேற்றுக்கு முன்னால் நின்று, ரோட்டால் போகிற சனம் எல்லாம் கேட்க, நானும் கொஞ்சம் கத்தியிருப்பேன்.

அடுத்த நாளே அவன் வந்தான். பெட்டிக்குள் ஐஸ் போட்டு நண்டும் ஒரு பாரைமீனும் கொண்டுவந்தான். சேர் கதிரையில் துவாய் கட்டியபடி இருந்தார். பொடியன் அவருக்கு முன்னால் நிலத்தில் குந்தினான். சேர் முதலில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தார். கண்ணால் தண்ணீர் வந்தது. பொடியன் எங்களிடம் சொன்னதை முழுதாக, மெதுவாக, திரும்பச் சொன்னான்.

“இல்லை” என்றார் சேர். “நான் திருகினனான். என்ர கைக்குத் தெரியும்.”

“மற்றப் பொடியன்மாரத் திருகியிருப்பீங்க சேர். அண்டைக்கு என்னத் திருகல்ல. நான்தான் உங்களிட்ட மன்னிப்புக் கேக்க வேணும்.”

சேர் கையை நீட்டினார். இத்தனை வருசமும் பின்னுக்குக் கட்டி வைத்திருந்த கை. அந்த மடிந்த காதை உள்ளங்கையால் பொத்தினார். அப்படியே கனநேரம் வைத்திருந்தார். சேரின் மனைவி குசினிக்குள் போய்விட்டாள். அவள் அழுவது வெளியே கேட்டது. அன்று நண்டுக் கறியோடு சோறு தின்றோம். சேர் கொஞ்சமாகத் தின்றார், ஆனால் நன்றாகச் சிரித்தார். எனக்கு மலையைப் புரட்டிய நினைப்பு.

பொடியன் பஸ்ஸுக்குப் போன பிறகு சேர் என்னைக் கூப்பிட்டார். சிரிப்பு இல்லை.

“டீச்சர், அப்ப இது எனக்கு ஏன் வந்தது?”

“காரணம் தெரியாது சேர். ஆருக்கும் தெரியாது. சும்மா வாறது.”

“சும்மாவோ?”

“ஓம்.”

“நான் ஒண்டும் செய்யாமலோ?” என்று கேட்டார். அவருடைய முகத்தில் நான் அதுவரை காணாத ஒன்று வந்தது. பயம். பழி என்று நினைத்தபோது இல்லாத பயம், பழியில்லை என்றதும் வந்துவிட்டது. “நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போவம்” என்றேன். உடனே தலையாட்டினார். அன்றே போக ஏலாதோ என்று கேட்டார்.

மருந்து தொடங்கிய கொஞ்ச நாளில் காதுச் சிவப்பு அடங்கிவிட்டது. துவாயைக் கழற்றி எறிந்துவிட்டு, தலையணையில் பக்கவாட்டாகப் படுத்து நித்திரை கொண்டார். கண்ணாடியில் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “இவ்வளவு லேசோ டீச்சர்?” என்றார். இந்த லேசான மருந்து அந்த வருசங்கள் முழுக்க, எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் இருந்தது. அதன் பிறகு மருந்துக்கு ஒரு நிமிசம் பிந்தினால் மனைவியைச் சத்தம் போட்டார். முட்டை சாப்பிடலாமா, வெயிலில் நடக்கலாமா, கொழும்பில் பெரிய டொக்டர் இருக்கிறாரா என்று என்னை ஒவ்வொரு நாளும் கேட்டார். சாவைக் கண்டு பயப்படாத மனிதர், இப்போது சந்திக்கு நடப்பதற்கும் பயந்தார். அவருக்கு வாழ ஆசை வந்துவிட்டது. பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார்.

காதும் மூட்டும் மருந்துக்குக் கேட்டன. மூச்சுக்குழாய் கேட்கவில்லை. இளகிப்போன வளையங்கள் திரும்ப இறுகாது. மார்கழி மழையோடு சளி பிடித்தது. ஆசுபத்திரியில் வைத்தோம். கொழும்புக்கு அனுப்ப ஆயத்தம் நடந்தது.

பின்னேரம் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். வாய்க்கு ஒட்சிசன் மூடி. ஒவ்வொரு மூச்சும் உள்ளே போக வழி தேடியது. மூடியைக் கையால் விலக்கினார்.

“டீச்சர். டொக்டரிட்டச் சொல்லுங்கோ.”

“என்னத்தைச் சேர்?”

“அந்தப் பொடியன்ர காது. அது நான் செய்யேல்லையெண்டு.” மூச்சு எடுத்தார். “டொக்டருக்குத் தெரியாதெல்லோ. சொல்லுங்கோ.”

இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை சேர் என்று நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. எழும்பிப் போனேன். தெற்குப் பக்கத்திலிருந்து வந்த சிங்கள டொக்டர், சின்ன வயசு, ஆசுபத்திரியில் பழகிய தமிழ். “டொக்டர், இவர் ஒரு பிள்ளையின்ர காதைப் பழுதாக்கினவர் எண்டு சனம் கதைச்சது. அது பொய். இவர் அதைச் செய்யேல்லை. உங்களுக்குச் சொல்லச் சொன்னவர்” என்றேன். டொக்டர் என்னைப் பார்த்தார். ஒன்றும் விளங்கியிராது. ஆனால் எந்தப் பிள்ளை, என்ன காது என்று கேட்கவில்லை. கட்டிலுக்கு வந்து குனிந்து, “ஓம் சேர். டீச்சர் சொன்னாங்க. எனக்குத் தெரியும்” என்றார்.

சேர் அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப இனிச் சுகமாகுமோ?” என்று கேட்டார்.

டொக்டர் ஒட்சிசன் குழாயைச் சரிபார்க்கத் திரும்பிவிட்டார். சேரின் கண் என்னிடம் வந்தது.

“ஓம் சேர், சுகமாகும்” என்றேன்.

“நீங்கள் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, மூடியைத் தானே இழுத்து வாயில் வைத்துக்கொண்டார்.